வெட்டாதீங்க சார், கழட்டுங்க!

ரொம்ப நாள் கழித்து ஒரு கோபப் பதிவு. சமையல் குறிப்பு, ரயில் டிக்கெட் புலம்பல் எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கவும். இன்றைக்கு சைலன்ஸர். பழைய காரின் அடியில் துருப்பிடித்துத் தொங்கும் சைலன்ஸரைக் கழட்டுவது பற்றி. "இதுல கோபப்பட என்னய்யா இருக்கு?" என்று கேட்டால், பொறுமையாகக் கடைசி வரை படிக்கவும்.

போன மாதம் செம்பூரில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து சாப்பிட்டோம். சாம்பார் சாதம், அப்பளம், ஆளுக்கொரு ஆபீஸ் கதை. நான் என் கதையைச் சொன்னேன். மாமனாருடைய பிரீமியர் பத்மினியின் பழைய சைலன்ஸரை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து (படுத்து என்பதே சரி) கழட்டினேன் என்று. ஒரு நண்பர் சிரித்தார். பெரிய கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். "ஒரு மணி நேரத்துல கேஸ் கட்டர் வெச்சு வெட்டி எறிஞ்சிருப்பான் சார். உங்க சம்பளத்துக்கு மணிக்கு என்ன ரேட்டு, கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?" கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்கே.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டி. மாமா (தங்கமணியின் அப்பா) திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடி பம்பாய் வந்தவர். மாட்டுங்காவில் ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்து, பிறகு செம்பூருக்குக் குடும்பத்தோடு வந்து, 1984-ல் இந்தப் பத்மினியை வாங்கினார். மும்பைக்கு வெளியே இருக்கும் இளசுகளுக்காகச் சின்ன குறிப்பு: வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இதே மும்பை குர்லா தொழிற்சாலையில் ஃபியட் 1100 வண்டிகளைச் செய்தது. அதே வண்டிதான் 1970களில் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சிசி இஞ்சின், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி என்றால் பத்மினிதான் என்று ஒரு காலம் இருந்தது. 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்ஸி, 20 வருஷ வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இப்போது எங்கள் மாதிரி சிலர் வீட்டில்தான் மிச்சம்.

மாமா போய்விட்டார். வண்டி இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு அத்தையைக் கூட்டிக்கொண்டு செம்பூர் முருகன் கோயிலுக்கும், மாட்டுங்கா மார்க்கெட்டுக்கும் போவோம். அவ்வளவுதான் ஓட்டம். அதுதான் வினையும் கூட. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு வருஷமாகவே காரில் போய் வந்தால் அத்தைக்குத் தலைவலி. பின் சீட்டில் அவர்தான் உட்காருவார், ஜன்னலை ஏற்றிவிடுவார், ஏனென்றால் தூசி ஆகாது. "வெயில்மா", "காபி சரியா குடிக்கல", "பெட்ரோல் வாடை ஒத்துக்கல". ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நான் இஞ்சினியர் வேறு. நான் சொன்ன காரணம் வயசு!

அந்த நேரத்தில் பியூசி டெஸ்டுக்குப் போனேன். வண்டி அருமையாகப் பாஸ். எண்ணைப் பார்த்து அந்தப் பையனே ஆச்சரியப்பட்டான். இந்தக் காலத்து வண்டி மாதிரி வருது சார் என்றான். நானும் பெருமையாக வீட்டில் காட்டினேன். இந்த முட்டாள்தனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் உண்டு. முப்பது வருஷம் பத்மினி டாக்ஸி ஓட்டினவர். ஒருநாள் வண்டிச் சத்தத்தைக் கேட்டே, "சைலன்ஸர் கயா சாப்" (போயிடுச்சு சார்) என்றார். என்னை நம்ப வைக்க ஒரு சோதனை செய்தார். வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, பின்னால் புகைக் குழாயின் வாயை ஈரத்துணியால் சில நொடி அடைத்தார். நல்ல சைலன்ஸராக இருந்தால் இஞ்சின் திணறும், நிற்கப் பார்க்கும். எங்கள் வண்டி எதுவுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பின் சீட்டுக்கு நேர் அடியிலிருந்து "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம். புகையெல்லாம் அங்கேதான் வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே தகரத்திலும் துரு தின்ற ஓட்டை. அதற்கு மேலே மிதியடி. அதற்கு மேலே அத்தையின் கால்.

இப்போது பியூசி கதைக்கு வருவோம். ஓட்டைச் சைலன்ஸரில் வெளிக்காற்று உள்ளே கலக்கும், புகை பாதியிலேயே வெளியேறும். கடைசிக் குழாயில் கருவியை நுழைத்தால் அது அளப்பது காற்றில் நீர்த்துப் போன புகையை. அதனால்தான் அந்த அருமையான எண். பழைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம் என்பது சட்டம். 3 சதவீதம் என்றால் பத்து லட்சத்தில் 30,000 பங்கு. அந்தக் காலத்து வண்டியில் அதைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி கிடையாது (நாலு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானதே 1995-ல்). இந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலி, அப்புறம் அசதி, குமட்டல், தூக்கம். அத்தையின் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சைலன்ஸர் மாற்றி, தகரத்தையும் அடைத்த பிறகு அவருக்குத் தலைவலி வரவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

சரி, சைலன்ஸர் ஏன் ஓட்டையாகிறது? மழையால் என்று நினைத்திருந்தேன். மும்பை மழை, கடல் உப்பு எல்லாம் வெளியிலிருந்து தின்னும், உண்மை. ஆனால் பெரிய எதிரி உள்ளே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஆவியாகத்தான் வெளியே போகிறது. ஆனால் குழாய் சூடாகாத வரை உள்ளேயே குளிர்ந்து தங்கிவிடும். நீண்ட தூரம் ஓடினால் சைலன்ஸர் நன்றாகச் சூடாகி உலர்ந்துவிடும். கோயிலுக்கு மூணு கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு அஞ்சு கிலோமீட்டர் என்று ஓட்டினால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். மாமாவின் வண்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்து, குறைவாக ஓட்டியே அதைத் துருப்பிடிக்க வைத்தவர்கள் நாங்கள்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

பக்கத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பெயர் வேண்டாம். "ஏக் கண்டே கா காம் சாப்." 1,500 ரூபாய். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார்கள். ஜாக்கிக்குப் பக்கத்தில் முட்டுக்கு இரண்டு செங்கல். ஒன்று ஏற்கெனவே விரிசல். மேஸ்திரி கேஸ் கட்டரைப் பற்ற வைக்கப் போனார். அதற்கு முன்னால், "சோட்டு!" என்று ஒரு குரல். ஒரு பையன் ஓடி வந்தான். பன்னிரண்டு, பதிமூன்று வயதிருக்கும். என் பையனை விடச் சின்னவன். கையில் ஈரச் சாக்கு. அவன் வேலை என்ன தெரியுமா? வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் போகிற குழாயின் மேல் அந்த ஈரச் சாக்கைப் பிடித்துக்கொள்வது. மேஸ்திரி நெருப்பு வைத்து வெட்டும் வரை!

நிறுத்தச் சொன்னேன். சிரித்தார்கள். வண்டியை இறக்கச் சொல்லி, எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு, தனியாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உடனே என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு எட்டு மாதம் முன்னால் இதே பட்டறையில் கிளட்ச் வேலை நடந்தது. அன்றைக்கும் ஒரு பையன் அடியில் போனான். அன்றைக்கும் செங்கல்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. வெளியே நின்று ஆபீஸ் கான்-காலில் இருந்தேன். நண்பர் சொன்ன அதே கணக்கு. என் ஒரு மணி நேரத்துக்கு விலை அதிகம், அவன் உயிருக்குக் குறைவு. யாரும் வாய்விட்டு இப்படிச் சொல்வதில்லை, பில்லில் இப்படித்தான் வருகிறது.

டாக்ஸிப் பெரியவர்தான் வழி சொன்னார். குர்லாவில் ஒரு வயதான மிஸ்திரி. வாழ்நாள் முழுக்கப் பத்மினி வேலை மட்டுமே செய்தவர். டாக்ஸிகள் போனதும் தொழிலும் போனது. முட்டி வலி, கீழே படுக்க முடியாது. "நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்கிறேன், நீ செய்" என்றார். அப்படித்தான் நானும் பத்தாவது படிக்கும் என் பையனும் வேலையில் இறங்கினோம். சொசைட்டி செக்ரட்டரி முகத்தைச் சுளித்தார். அத்தை ஃபில்டர் காபி கொடுத்துச் சமாதானப்படுத்தினார்.

முதல் ஞாயிறு ஒரு நட்டைக் கூடக் கழட்டவில்லை. கடுப்பாகிவிட்டேன். வண்டியின் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்ட் இரண்டை பின் ஆக்சிலுக்கு அடியில் வைத்து, அதன் மேல் இறக்கினோம். பிறகு வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டச் சொன்னார் மிஸ்திரி. "இப்போ விழுந்தா தகரம்தான் போகும். அடியில படுத்தப்புறம் விழுந்தா?" அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டோம். அவ்வளவுதான் அன்றைய வேலை.

அடுத்த ஆறு நாளும் ஆபீஸிலிருந்து வந்ததும் ஒருமுறை எண்ணெய். நடுவில் இரண்டு நாள், வண்டியைத் தரையில் இறக்கி, திறந்த வெளியில் சில நிமிஷம் இஞ்சினை ஓட்டி, நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு எண்ணெய். சூட்டில் இரும்பு விரியும், ஆறும்போது சுருங்கும். அந்த அசைவில் துருவுக்குள் எண்ணெய் இறங்கும். நெருப்பாகக் கொதிக்கும்போது ஊற்றினால் புகையும், பற்றவும் செய்யலாம். பொறுமைதான் இங்கே பாதி வேலை.

இரண்டாவது ஞாயிறு பின்னாலிருந்து தொடங்கினோம். சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர்கள் முதலில். அதற்கு முன் குழாயைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் முழு பாரமும் முன்பக்கம் மேனிஃபோல்டில் விழும். கிளாம்ப் போல்ட்டுகள் எப்படியும் குப்பைக்குத்தான், புதுசு பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். அசையாததை ஹாக்ஸா பிளேடால் அறுத்தோம். இதில் கௌரவம் பார்க்கத் தேவையில்லை. எதை அறுக்கலாம், எதை அறுக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறுக்கக் கூடாதது முன்னால் இருக்கிறது. இஞ்சினிலிருந்து புகை வெளிவரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும், அதிலிருந்து கீழே இறங்கும் குழாயும் சேரும் இடம். அங்கே இருக்கும் ஸ்டட்டுகள் வார்ப்பிரும்புக்குள் முறுக்கி நட்டவை. நாற்பது வருஷச் சூட்டில் வெந்தவை. அவசரப்பட்டு நீளமான கைப்பிடி போட்டு நெம்பினால் நட்டு கழலாது, ஸ்டட்டே முறிந்துவிடும். முறிந்ததைத் துளை போட்டு எடுக்க வேண்டும். எடுக்கும் கருவியும் உள்ளேயே உடைந்தால் மேனிஃபோல்டையே கழட்ட வேண்டும். இது கடையில் போய்ப் புதுசாக வாங்கும் சாமான் இல்லை, 2000 வாக்கிலேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. சோர் பஜாரில் யாரோ கழட்டிப் போட்டது கிடைத்தால் உண்டு.

அங்கேதான் மிஸ்திரி அந்த வார்த்தையைச் சொன்னார். "பெஹ்லே தோடா கஸோ, ஃபிர் கோலோ." முதலில் கொஞ்சம் இறுக்கு, அப்புறம் திற. பையன் முழித்தான். கழட்ட வந்தவன் எதுக்கு இறுக்கணும்? மயிரிழை இறுக்கும்போது துருவின் பிடி உடைகிறது. பிறகு கால் சுற்று திற, திரும்ப இறுக்கு, எண்ணெய் விடு, அரைச் சுற்று திற. பன்னிரண்டு மூலை ஸ்பேனர் வேண்டாம், ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர்தான். தேய்ந்த நட்டில் அதுதான் முழுதாகப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் எதற்கும் மசியவில்லை. மூன்றாவது ஞாயிறு முழுக்க அதற்கே போனது. அதை ஸ்டட்டுக்கு இணையாக, நட்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஹாக்ஸாவால் மரையைத் தொடாமல் அறுத்து, உளி வைத்து ஒரு தட்டு. நட்டு பிளந்து விழுந்தது. ஸ்டட் முழுசாக நின்றது. டை போட்டு மரையைச் சுத்தம் செய்தோம். பையன் போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சைலன்ஸர் வெளியே வந்ததும் அதைச் சாய்த்தான். ஒரு சொம்பு அளவு துருத்தண்ணீர் கொட்டியது. மேல்பக்கம் ஒரு கை நுழையும் ஓட்டை. அத்தை வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கும், இன்னும் சில நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கும் பதில்.

"வெட்டினால் என்ன நஷ்டம்?" முழுசாகக் கழட்டிய பழைய குழாய்தான் புதுசுக்கு அளவு. அதைக் குர்லாவில் குழாய் வளைக்கும் கடைக்கு எடுத்துப் போனேன். அதே வளைவு, அதே நீளம். முதல் தடவையே உட்கார்ந்தது. நாலு துண்டாக வெட்டிப் போட்டிருந்தால் குத்துமதிப்பாக வளைத்து, எங்கேயோ இடித்து, மறுபடி வெல்டிங் வைத்து, மறுபடி ஓட்டை. வெட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறார், அதற்கப்புறம் வருகிற தலைவலியெல்லாம் நமக்கு. தவிர, பெட்ரோல் டாங்க்கும் குழாயும் இருக்கும் வண்டியின் அடியில், மேலே மிதியடியும் சீட் பஞ்சும் இருக்கும்போது, நெருப்பு வைப்பதை ஈரச் சாக்கை நம்பிச் செய்யலாமா?

"மணிக்கு என்ன ரேட்டு?" சரி, கணக்கே போடுவோம். மூன்று ஞாயிறு. அந்த மூன்று ஞாயிறும் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? டிவி, தூக்கம், வாட்ஸப்பில் ஊர் அரசியல். பையன் போன் நோண்டியிருப்பான். அவனுக்கு ரோபோ வகுப்புக்கு வருஷம் ஐம்பதாயிரத்துக்கு மேல் கட்டுகிறேன். அங்கே கொடுப்பதெல்லாம் புது நட்டு, புது போல்ட்டு, கைக்கு நோகாமல் கழலும். கழலவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒன்றை உடைக்காமல் கழட்ட எங்கே போய்க் கற்பான்? ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குக் குங்குமம் வைக்கிறோம், காருக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். டூல் பாக்ஸ் நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது? "படிச்ச பையன் எதுக்குக் கையில கரி பூசணும்" என்று அன்று அந்தச் சாப்பாட்டில் ஒரு அம்மணி கேட்டார். எங்கள் தாத்தாக்கள் கையில் இருந்த மண்ணையும் கரியையும் கழுவத்தான் நாம் படித்தோம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இன்னொருவர் வீட்டுப் பிள்ளை கையில் பூசிவிடலாமா?

"அப்போ மெக்கானிக் பிழைப்பு?" மிஸ்திரிக்கு மூன்று ஞாயிறுக்கும் கூலி கொடுத்தேன். வெட்டுகிறவர் கேட்டதை விட அதிகம். ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் மட்டும் வேலை பார்த்தவருக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்கள், நாம் ஆபீஸில் என்ன செய்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவும் :-)

"பழைய வண்டியே எதுக்கு? புகை, மாசு!" இதில் நியாயம் இருக்கிறது. மழுப்ப மாட்டேன். என் வண்டி ஒரு கிலோமீட்டரில் விடும் புகை, இன்றைய வண்டியை விடப் பல மடங்கு அதிகம். தில்லி நண்பர்களுக்கு இந்த ஆசைக்கே இடமில்லாமல் போனது. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் 15 வருஷத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளை அங்கே சாலையிலிருந்து விலக்கச் சொன்னார்கள். விண்டேஜ் என்று சட்டப்படி சொல்ல 50 வயது ஆக வேண்டும் என்கிறது 2021 விதி, என் பத்மினிக்கு அதுவும் ஆகவில்லை. 20 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025-ல் கட்டணத்தை 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். கட்டுகிறேன். தினம் ஓட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வைத்திருப்பவன் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்கிறேன். ஓட்டைச் சைலன்ஸரோடு பியூசி பாஸ் செய்து சுற்றுபவன், பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

"சத்தமா ஒரு குழாய் மாட்டிடலாமே, கெத்தா இருக்கும்?" இது ஒரு புனே நண்பரின் யோசனை. அய்யா, சைலன்ஸருக்குப் பெயரே சைலன்ஸர். சத்தம், மாசு விதியை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. பறிமுதல் செய்த குழாய்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 40 குதிரை சக்தி வண்டிக்கு எதற்குச் சிங்கத்தின் உறுமல்?

கடைசியாக, எனக்கு ரத்தம் கொதிக்கும் பதில். "பாவம், அந்தப் பையனுக்கும் சோறு வேணுமே." நம்மவர்கள் இதை இரக்கம் போலச் சொல்கிறார்கள். 1986 சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே எந்தப் பட்டறையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது. உன் பிள்ளைக்கு இரக்கம் காட்டுகிறேன் என்று யாராவது அவனை செங்கல் மேல் நிற்கும் காருக்கு அடியில் படுக்க வைத்தால் ஒப்புக்கொள்வாயா? ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள் நாம். மாமா மாட்டுங்காவுக்கு வந்தபோது அவருக்கு வயது பதினாறு. அவரை யாரோ அடியில் அனுப்பாமல் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வைத்ததால்தான் நான் இன்று பதிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். சோட்டுவும் எந்த ஊரிலிருந்தோ வந்தவன்தான்.

அன்றைக்கே 1098-க்கு நான் போன் செய்யவில்லை. வம்பு எதற்கு என்று இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் செய்தேன். விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் அந்த வழியாகப் போனபோது பையன் இல்லை. பள்ளிக்குப் போனானா, வேறு பட்டறைக்குப் போனானா, தெரியாது. அந்த இரண்டு நாள் தாமதம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எல்லோரும் காருக்கு அடியில் படுங்கள் என்று சொல்லவில்லை. முதுகு ஒத்துழைக்காதவர்கள், இடமில்லாதவர்கள் உண்டு. பள்ளம் தோண்டிய பட்டறைகள், லிஃப்ட் வைத்த பட்டறைகள் இருக்கின்றன. அங்கே போங்கள். ஆனால் வண்டியை விட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். அடியில் யார் போகிறார்கள், எதன் மேல் வண்டி நிற்கிறது, கையில் ஸ்பேனரா கட்டரா, மூன்றையும் நின்று பாருங்கள். நம் அப்பா அம்மா பின் சீட்டில் தலைவலி என்றால் வயசு என்று தள்ளிவிடாதீர்கள். ஈரத்துணி ஒன்று போதும், இரண்டு நிமிஷ வேலை.

நண்பரே, ரேட்டுக் கணக்கு கேட்டீர்களே, இதுதான் என் கணக்கு. அடுத்த சாப்பாட்டுக்கு உங்களையும் வண்டியில் கூட்டிப் போகிறேன். பின் சீட்டில் உட்காருங்கள். அத்தை இப்போது முன் சீட்டுக்கு வந்துவிட்டார்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். பழைய வண்டிகளின் புகைக்குழாய் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் சுரண்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு எடுத்து, பையில் கட்டிப் போடவும். சைலன்ஸரைப் பங்கார்வாலா எடைக்கு எடுத்துக்கொண்டார். பிளந்த அந்த நட்டைப் பையன் கொடுக்கவில்லை, மேசையில் வைத்திருக்கிறான்.